நிற்கிற சக்கரம்

டயர்க்காரர் ரப்பரின் பட்டறைக்கு வந்த கார்களிலேயே தலைக்கனம் பிடித்தது அதுதான். உருண்டை விளக்கும் புடைத்த மட்கார்டுமாக, வாசலில் வந்து நின்றபோதே மற்ற வண்டிகளை எல்லாம் தள்ளி நில் என்று சொல்வது போல நின்றது. அதை வாங்கியவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். புது ஜோடிகளை அதன் மேல் சாய்த்து நிறுத்திப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"எல்லாம் சரியா இருக்கு, டயர்தான் இடிக்குது," என்றார் ஸ்டூடியோக்காரர். "பழைய படத்துல பாத்திருப்பீங்களே, கறுப்பு டயர்ல அகலமா ஒரு வெள்ளை வளையம். அந்த மாதிரி போட்டாதான் இந்த முகத்துக்குக் களை வரும்."

"அந்த டயர் இப்ப எங்க சார் வருது?"

"நான் கொண்டாரேன். மாட்டுறது மட்டும் உங்க வேலை."

சொன்னபடியே கொண்டுவந்தார். எப்போதோ கடையை மூடிவிட்டுப் போன ஒரு டயர் வியாபாரியின் கிடங்கில், பழுப்புக் காகிதம் சுற்றியபடி நாலு டயர் அப்படியே கிடந்ததாம். காகிதத்தைப் பிரித்தால் வெள்ளைப் பட்டையின் மேல் நீலப் பூச்சு. அழுக்குப் படாமல் இருக்கக் கம்பெனியிலேயே பூசி அனுப்புவது வழக்கம். மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போய்விடும். ரப்பர் ஒரு டயரை எடுத்து அமுக்கிப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தார். அத்தனை வருடம் கிடந்த ரப்பர் காய்ந்து விறைத்திருக்க வேண்டும். இது நேற்று அச்சிலிருந்து எடுத்தது போல மெத்தென்று இருந்தது. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும். நல்ல சரக்கைக் கண்டால் யோசிக்கத் தெரியாத ஜாதி அவர்.

ரப்பர் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. டயர் வேலையில் இறங்கிய பிறகு ஊர் வைத்தது. பட்டறையின் ஒரு கோடியில் அவர் டயர் கழற்றுவார், மறுகோடியில் மனைவி கார் சீட்டுகளுக்கு உறை தைப்பாள். பின்னால் ஒரு கதவு, கதவைத் திறந்தால் வீடு. பிள்ளை குட்டி கிடையாது. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஒருவர் வாயை ஒருவர் கிண்டிக்கொண்டே இருவரும் வேலை செய்வார்கள். அவளுடைய தையல் மெஷின் சத்தம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் ரப்பர் ஏதாவது ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விடுவார். அவள் இல்லாமல் தனக்கு ஒரு நாளும் ஓடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதை அவளிடம் சொல்லும் தைரியம்தான் வந்ததில்லை.

"சீட்டு வேலை முடியட்டும்ங்க. டயரக் கடைசியா மாட்டுங்க," என்றாள் மனைவி. "நான் ரெக்ஸினும் பசையுமா ஏறி இறங்குவேன். வெள்ளையில கறை பட்டா என்னைத்தான் திட்டுவீங்க."

"கறை படாம வேலை செய்யத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும். வெள்ளைக்குத் தெரியணுமே."

ரப்பருக்குப் பொறுக்கவில்லை. அன்றே ஆரம்பித்துவிட்டார். டயர் நெம்பும் கடப்பாரைக்குத் துணி சுற்றிக்கொண்டு, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வெள்ளையில் ஒரு கீறல் விழாமல் ஒவ்வொன்றாக ரிம்மில் இறக்கினார். காற்று ஏற ஏற டயர் உப்பி, டப்பென்று ரிம்மில் போய் உட்காரும் சத்தம் அவருக்குப் பாட்டுக் கேட்பது மாதிரி. நாலையும் மாட்டி, நட்டுகளை எதிரும் புதிருமாக முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கினார். நீலம் கரைந்து சாக்கடைக்குள் ஓடியது. அடியிலிருந்து வெளிவந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு மனைவிகூடத் தையலை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக் கண்டக்டர் பேப்பர் படிக்க வந்தார். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே ஆயுளில் பாதியைக் கழித்து ஓய்வு பெற்றவர். வந்தால் பட்டறை ஸ்டூலில்தான் உட்காருவார்.

"என்னப்பா ரப்பரு, ஜாக்கியில ஏத்திச் சக்கரத்தச் சுத்தி விட்டுட்டியா?"

"ஜாக்கியா? வண்டி தரையிலல்ல நிக்குது."

"அப்புறம் எப்படி சுத்துது?"

"அண்ணே, கண்ணாடிய மாத்துங்க."

"போடா, பஸ்ஸுல தொங்கிக்கிட்டே காலத்தை ஓட்டினவன் நான். எனக்குச் சக்கரம் சுத்துறது தெரியாதா?" என்றார் கண்டக்டர். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தமே இல்லாம ஓடுதுப்பா. பாக்க நல்லாத்தான் இருக்கு."

ரப்பரும் பார்த்தார். நின்றுகொண்டிருந்தது. பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது என்று நினைத்துச் சிரித்தார். அதற்கடுத்த நாளும் கண்டக்டர் வந்தார்; "இன்னும் ஓய்ஞ்ச பாடில்லையா இது?" என்று கேட்டுவிட்டு, பேப்பரைப் பிரிக்காமலே போனார். அதன் பிறகு அவர் வரவில்லை. தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது. வயதானவர், நோயில் விழாமல் போனார், கொடுத்து வைத்தவர் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ரப்பரும் அப்படித்தான் பேசினார்.

பக்கத்துக் கடைப் பெயின்டர் விஷயத்தில் அப்படிப் பேச முடியவில்லை. பெயின்டர் கட்டுமஸ்தான ஆள், கண்ணாடி போடாதவன், கார் கதவை ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டுவான். ஸ்ப்ரே துப்பாக்கிக்குக் காற்று பிடிக்க வந்தவன் காரைப் பார்த்து நின்றான்.

"அண்ணே, வீலை ஏன் ஓட விட்டிருக்கீங்க? பிரேக்கப் போடுங்க."

ரப்பரின் கையிலிருந்த குழாய் நழுவியது. "என்ன சொன்ன?"

"நாலும் சுத்துதுண்ணே. பின்னாடி வீலப் பாருங்க, என்னா வேகம்!" அவன் சிரித்தான். "மோட்டார் வச்சிருக்கீங்களா? ஸ்டூடியோக்காரர் ஐடியாவா?"

"சும்மா விளையாடாதடா."

"யாரு விளையாடுறது? எனக்கு வேலை கிடக்கு," என்று சொல்லிவிட்டு அவன் காற்றைப் பிடித்துக்கொண்டு போனான். மறுநாள் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வண்டி வந்துவிட்டது என்று பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டியபோது சாய்ந்துவிட்டானாம். அடி இல்லை, காயம் இல்லை. டாக்டர்கள் ஏதோ ஒரு காரணத்தை எழுதிக்கொடுத்தார்கள்.

அன்று பட்டறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து ரப்பர் காரின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருவர் கிழவர், ஒருவன் வாலிபன். இருவரும் சொன்ன வார்த்தை மட்டும் ஒன்று. ரப்பர் வெள்ளை வளையத்தை உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. கறுப்பு டயராக இருந்தால் அதிலிருக்கும் எழுத்தை வைத்து, சுற்றுகிறதா நிற்கிறதா என்று சொல்லிவிடலாம். இந்த வெள்ளையில் எழுத்தும் இல்லை, கோடும் இல்லை. சுற்றினாலும் நின்றாலும் அது ஒரே மாதிரிதான் தெரியும். அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். அசையவில்லை. வெயிலில் நின்ற வண்டியின் டயர் ஜில்லென்று இருந்தது.

கறுப்புப் பாலீஷை எடுத்து வெள்ளையின் மேல் பூசிப் பார்த்தார். துணியை எடுத்ததும் பாலீஷ் முத்து முத்தாகத் திரண்டு தரையில் வழிந்தது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பெரிய தார்ப்பாய் ஒன்றைத் தேடி எடுத்து வண்டியைத் தலையோடு காலாகப் போர்த்தினார். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால், "எங்கே, பார்க்கிறேன்" என்று முதல் ஆளாக வந்து நிற்பாள். அவளை அவருக்குத் தெரியாதா?

சொல்லாமல் விட்டதுதான் தப்பாகப் போயிற்று. அடுத்த நாள் அவர் காற்றடிக்கும் கம்ப்ரசருக்கு பெல்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது தார்ப்பாய் மடிக்கப்பட்டு மூலையில் இருந்தது. மனைவி பின்சீட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். வாயில் நாலைந்து குண்டூசி.

"தார்ப்பாய யார் எடுக்கச் சொன்னது?"

"பின்ன, போர்வைக்குள்ள பூந்தா தைக்க முடியும்?" குண்டூசிகளைத் துப்பிக் கையில் வாங்கிக்கொண்டு அவள் காரிலிருந்து இறங்கினாள். "நல்லவேளை வந்தீங்க. சக்கரத்துக்குக் கட்டை வையுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? சுத்துதுல்ல. நான் உள்ள இருக்கும்போது உருண்டு தெருவுக்குப் போயிட்டா?"

ரப்பர் குனிந்து பார்த்தார். அவள் விரலை நீட்டிக் காட்டிய இடத்தில் சக்கரம் செத்த பிணம் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவள் மட்டும் அதன் மேல் கண்ணை வைத்து, ஓடுகிற ஒன்றைப் பார்க்கிறவள் போலத் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி நகராம சக்கரம் மட்டும் எப்படிங்க சுத்தும்? எல்லாம் உங்க வேலைதானே?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். ரப்பரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என்னாச்சு, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. கெளம்பு. டாக்டர்கிட்ட போலாம்."

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

"எனக்கில்ல, உனக்கு."

போகிற வழியெல்லாம் அவளைச் சுவர் ஓரமாக நடக்க வைத்தார். சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூடத் தெருவில் அவள் கையைப் பிடித்தவர் இல்லை. டாக்டர் நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ஊதச் சொன்னார், இருமச் சொன்னார். "அம்மா கல்லு மாதிரி இருக்காங்க. நீங்கதான் பாக்க நல்லா இல்ல," என்று ரப்பரைப் பிடித்து உட்கார வைத்தார். வெளியே வந்ததும் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள். இந்தச் சத்தம் நாளைக்கு இருக்குமா என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு ஓடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூடியோக்காரருக்குப் போன் போட்டார்.

"சார், வண்டிய இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க."

"சீட்டு முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. வேற ஆள வச்சு முடிச்சுக்கோங்க."

"என்ன விளையாடுறீங்களா? என் ஷெட்டுல இப்பத்தான் சிமென்ட் போட்டிருக்கேன், காயல. தெருவுலயா நிறுத்துறது?"

"அப்ப அந்தப் பழைய டயரையாவது குடுத்தனுப்புங்க."

"அத அன்னைக்கே குப்பைக்காரன்கிட்ட தள்ளியாச்சு. உங்களுக்கு என்னதான் பிரச்சனை?"

"சார், நான் டயர மாட்டினப்புறம் நீங்க வந்து பாத்தீங்களே. அது… நின்னுச்சா, சுத்துச்சா?"

"ஒரு ரெண்டு நாள் லீவு போடுங்க," என்று சொல்லிவிட்டு ஸ்டூடியோக்காரர் வைத்துவிட்டார்.

கழற்றி எங்காவது உருட்டிவிடலாம் என்றுதான் ரப்பருக்கு முதலில் தோன்றியது. ஊர்க் கோடியில் குப்பை மேடு இருக்கிறது. ஆனால் அங்கே டயர் கிடந்தால் பிள்ளைகள் விடுமா? குச்சியால் தட்டிக்கொண்டு தெருத் தெருவாக ஓட்டும். எந்த வீட்டு வாசலில் யார் நின்று பார்ப்பார்களோ! எரிக்கலாம் என்றால், பாலீஷே ஒட்டாததில் நெருப்பு மட்டும் ஒட்டுமா என்று பயமாக இருந்தது. தன் பெண்டாட்டியைக் காப்பாற்ற ஊரான் வீட்டில் நெருப்பு வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் அவ்வளவு கெட்டவர் இல்லை, அவ்வளவு கெட்டிக்காரரும் இல்லை.

கடைசியில் தொழில் தெரிந்தவனுக்கு மட்டும் வரக்கூடிய ஒரு யோசனை வந்தது. அந்த டயருக்கு ஒரு பக்கம்தான் வெள்ளை. மறுபக்கம் சுத்தக் கறுப்பு. ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டினால் வெள்ளை வண்டிக்கு அடியில் போய்விடும், ஊர் பார்க்கும் பக்கம் கறுப்பாகிவிடும். அவசரத்துக்கு நிறைய வண்டிகளில் செய்ததுதான். வெள்ளை யார் கண்ணிலும் படாவிட்டால் அது எதையும் செய்ய முடியாது. இப்படி அவரே முடிவு கட்டிக்கொண்டார். மூழ்குகிறவன் கையில் அகப்பட்டதைப் பிடிக்கிறான், வேறென்ன?

காலையில் பட்டறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினார்.

"நீ உள்ள போ. கூப்பிடுற வரைக்கும் வராத."

"அப்படி என்ன ரகசியம்?"

"சொன்னா கேளேன். ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசாம கேளேன்."

அவர் குரல் உடைந்திருந்தது. அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரப்பர் வண்டியைத் தூக்கினார், சக்கரங்களைக் கழற்றினார். வெள்ளைப் பட்டையைப் பார்க்காமல், தலையைத் திருப்பிக்கொண்டு கைப்பழக்கத்திலேயே கடப்பாரையைச் செருகினார். மாட்டும்போது அத்தனை மெத்தென்று இறங்கிய டயர்கள் கழற்றும்போது மல்லுக்கு நின்றன. முதலாவது ரிம்மை விட்டு வரும்போது யாரோ மூச்சு விடுவது போல நீளமாக ஒரு சத்தம் வந்தது. டயரில் மிச்சமிருந்த காற்று என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். காற்றைத்தான் முன்பே முழுதாக இறக்கியிருந்தாரே.

நாலையும் திருப்பி மாட்டி வண்டியை இறக்கியபோது வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கறுப்பு டயர். மனைவியைக் கூப்பிட்டார். அவள் கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐயையே, இது என்ன கூத்து? இருந்த அழகையும் கெடுத்து வச்சிருக்கீங்க."

"அத விடு. சுத்துதா?"

"இப்ப ஒண்ணும் தெரியல."

"ஒண்ணும் தெரியலையா, இல்ல நிக்குதா?"

"கறுப்பா இருக்குங்க, அவ்வளவுதான் தெரியுது. விடுங்க, அடுப்புல வேலை இருக்கு," என்று அவள் திரும்பிப் போனாள். ரப்பருக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி இன்னும் தொண்டையில் நின்றது.

எந்தச் சக்கரத்தை மாட்டினாலும் ஒரு முறை வண்டிக்கு அடியில் போய், டயர் எங்கேனும் உரசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் கையைக் கழுவுவார். தொழிலில் நுழைந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்றும், மனம் எங்கோ இருக்க, உடம்பு பாட்டுக்குச் சாக்கை விரித்துப் படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்தது. டயரின் உள்பக்கம் யாரும் பார்க்காத பக்கம் என்று ஊரே சொல்லலாம். டயர்க்காரன் சொல்லக் கூடாது. அது அவனுக்கென்றே இருக்கிற பக்கம். தலை முழுவதும் உள்ளே போன பிறகுதான் ரப்பருக்கு அது உறைத்தது. அதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார்.

தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு. வண்டியின் அடியிலிருந்த இருட்டில் நாலு வெள்ளை வளையமும் சுற்றிக்கொண்டிருந்தன.

முதலில் தான்தான் சாக்கோடு நகர்கிறோம் என்று நினைத்தார். தரையைப் பிடித்துக்கொண்டார். தரை நின்றது, வண்டி நின்றது. சக்கரங்கள் மட்டும் சத்தமே இல்லாமல், நீண்ட நல்ல சாலையில் போவது போல ஓடிக்கொண்டிருந்தன. கோடு இல்லாத, எழுத்து இல்லாத வெள்ளைதான். இருந்தும் சுற்றுகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கண்டக்டர் சொன்னது சரி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பயம் உள்ளங்காலிலிருந்து ஏறி மார்புக்கு வந்தது. அங்கே வந்ததும் அவருக்கு வேறொன்று தோன்ற, பயம் அப்படியே நின்றது.

"இங்க வா! சீக்கிரம் வா!" என்று கத்தினார்.

மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "என்ன, கால் மாட்டிக்கிச்சா? ஜாக்கி சரிஞ்சிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல. குனிஞ்சு பாரு. அந்த வெள்ளையப் பாரு."

அவளைப் பார்க்கச் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை பாடும். ஆனால் தெரிந்துகொள்ளாமல் அவரால் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. அவள் முழங்காலிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றித் தலையைத் தாழ்த்தினாள். அவள் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. கண்கள் ஒவ்வொரு சக்கரமாகப் போய் வந்தன.

"பாத்தேன். என்ன?"

"சுத்துதா?"

"இல்லையே."

"அவசரப்படாத. நல்லாப் பாரு. நாலையும் பாரு."

அவள் இன்னும் குனிந்தாள். கையை நீட்டிப் பக்கத்துச் சக்கரத்தின் வெள்ளையைத் தொட்டாள். ரப்பரின் கண்ணுக்கு, சுற்றுகிற வளையத்தின் மேல் அவள் விரல்கள் வழுக்காமல், இழுபடாமல், அமைதியாகப் படிந்திருந்தன.

"நிக்குதுங்க. கல்லு மாதிரி நிக்குது. நேத்து எனக்குத்தான் வெயில்ல கண்ணு கூசியிருக்கு போல," என்றாள். "இதுக்கா என்னைப் போட்டு அந்தப் பாடு படுத்தினீங்க?"

ரப்பருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. வயிறு குலுங்க, கண்ணோரம் வழிந்து காதுக்குள் போக, மல்லாந்து படுத்தபடி சிரித்தார். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததே இல்லை. அவளுக்கு நின்றுவிட்டது. அவளுக்கு நின்றுவிட்டது என்று திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு? வெளிய வாங்க, சோறு ஆறுது."

"வரேன், வரேன். உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடணும்னியே, அடுத்த தெருவுல ஒருத்தன் இருக்கான், நல்லாப் பாப்பான். அவனையே கூப்பிட்டுக்கோ."

"ஏன், நீங்க போட மாட்டீங்களா? எப்பவும் நீங்கதானே போடுவீங்க?"

அவர் கையை வண்டிக்கு வெளியே நீட்டினார். அவள் என்னவென்று புரியாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சக்கரங்கள் வேகம் எடுத்துக்கொண்டிருந்தன.

"கொஞ்ச நேரம் இங்கேயே உக்காந்திரு," என்றார் ரப்பர்.